அறுநூறு வெள்ளிக்குள் ஒரு கணினி

8 நவம்பர் 2025, சனி

காலையில் வீட்டுக் கணினியின் சுவிட்சைத் தட்டினேன். விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. மூடியைக் கழற்றினால், கணினியின் மூளையான பிராசசருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் கெபாசிட்டர்களில் (மின்தேக்கிகளில்) நான்கின் தலை உப்பியிருக்கிறது. ஒன்றின் மேல் பழுப்பாகக் கசிந்து காய்ந்தும் போயிருக்கிறது. 2009ல் வாங்கிய பெட்டி, பதினாறு வருடம் உழைத்துவிட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவும் போன மாதம் 14ஆம் தேதியோடு முடிந்தது. எப்படியும் மாற்ற வேண்டிய நேரம்தான்.

மகளுக்கு ஜனவரியில் படிவம் 5, எஸ்பிஎம் பொதுத்தேர்வு வருடம். கைப்பேசியில் கட்டுரை அடித்துக்கொண்டிருக்கிறாள், கழுத்து வளைந்தே போய்விடும் போலிருக்கிறது. 600 வெள்ளி (ரிங்கிட்) எடுத்து வைக்கலாம். அவள் மேசை இரண்டடி அகலம்தான், பெரிய கேசிங் வைத்தால் புத்தகம் வைக்க இடமிருக்காது.

9 நவம்பர், ஞாயிறு

சாமான்களைத் தனித்தனியாக வாங்கி நானே ஒரு கணினி கட்ட வேண்டும் என்பது இருபது வயதிலிருந்து உள்ள ஆசை. இன்று பினாங்கு கொம்தார் பக்கம் போய் விலை கேட்டு எழுதி வந்தேன். பிராசசர், ரைசன் 5 5600ஜி, 520 வெள்ளி. படம் காட்டும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்வதால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். எல்லாவற்றையும் செருகும் போர்டு 290. நினைவகமான ராம் 16 ஜிபி 380. கோப்புகளைச் சேமிக்க எஸ்எஸ்டி 210. கேசிங்கும் பவர் சப்ளையும் 230. மொத்தம் 1,630. விண்டோஸ் உரிமம் இன்னும் சேரவில்லை. சின்னப் பெட்டியாக வேண்டுமென்றால் அதற்கேற்ற ஐடிஎக்ஸ் என்ற சின்ன போர்டு இன்னும் விலை.

ராம் விலைதான் வயிற்றைக் கலக்கியது. வருட நடுவில் இதே ராமை 150க்குப் பார்த்தேன். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போகின்றன. அதைச் செய்கிற பெரிய கம்பெனிகளும் டிடிஆர்4 என்ற பழைய வகை ராம் உற்பத்தியைக் குறைத்துவிட்டு, லாபம் கூடிய வகைக்கு மாறுகிறார்கள். ரெலாவில் குடியிருக்கும் ஒரு பிள்ளையின் கட்டுரைக்கு அந்தச் சுமை வந்து சேருகிறது.

ராத்திரி கணக்கைத் திரும்பப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. அலுவலகங்கள் கழித்துவிடும் குட்டிக் கணினிகள் ராமும் எஸ்எஸ்டியும் உள்ளேயே இருக்க விலைக்கு வருகின்றன. இன்றைக்கு எது விலை ஏறிக் கிடக்கிறதோ அதையும் சேர்த்தே பழைய விலைக்குக் கொடுக்கிறார்கள்.

15 நவம்பர், சனி

ஒரு கடையில் ஏமாறப் பார்த்தேன். "ஐ5, விண்டோஸ் 11 ரெடி, 450 வெள்ளி" என்று எழுதி ஒட்டியிருந்தது. பார்க்கப் புதுசு மாதிரி பளபளப்பு. போட்டுக் காட்டச் சொல்லி உள்ளே விவரத்தைத் திறந்தால் இன்டெல் பிராசசர் ஐ5-7500டி, ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்வது இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். சோதனையைத் தாண்டி எப்படியோ ஏற்றி வைத்திருக்கிறார்கள். கேட்டதற்கு "ஓடுதுல்ல?" என்றார் கடைக்காரர். இன்று ஓடும். அடுத்த பெரிய அப்டேட்டில் என்ன ஆகும் என்பதற்கு அவர் பொறுப்பில்லை.

விவரம் தெரியாத ஒரு தகப்பன் இதைச் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்: ஐ5 என்ற பெயரைப் பார்க்காதீர்கள், கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். பொதுவாக நான்கு இலக்கமானால் முதல் இலக்கமும், ஐந்து இலக்கமானால் முதல் இரண்டும்தான் தலைமுறை.

22 நவம்பர், சனி

பினாங்குப் பாலம் தாண்டிப் பிறைக்குப் போனேன். மோட்டார் சைக்கிளுக்கு 2019லிருந்து டோல் கிடையாது, எண்ணெய்க் காசு மட்டும்தான். அலுவலகச் சாமான்களை மொத்தமாக எடுத்து விற்கும் தவுக்கே (சீன முதலாளி) ஒருவர். லெனோவோ எம்720கியூ என்ற குட்டிக் கணினிகள் பத்துப் பதினைந்து அடுக்கி வைத்திருந்தார். தடித்த அகராதி அளவுதான், பக்கத்துக்குப் பதினெட்டு சென்டிமீட்டர். திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "புக்கா லா, தாக் அப்பா" (திற, பரவாயில்லை) என்று திருப்புளியையே கையில் கொடுத்தார். அப்போதே பாதி மனம் நிறைந்துவிட்டது.

பின்னால் ஒரே ஒரு திருகு, மூடி வழுக்கிக்கொண்டு வந்தது. ஐ5-8500டி, ஆறு கோர், 35 வாட் வகை. ராம் 8 ஜிபி ஒரே துண்டு, பக்கத்துச் செருகு காலி. கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை நிரலான பயாஸுக்குள் போனேன், பழைய ஆபீஸின் கடவுச்சொல் எதுவும் இல்லை. எஸ்எஸ்டி ஓடிய நேரம் 11,240 மணி. நாளுக்கு எட்டு மணி, வருடத்துக்கு 250 வேலை நாள் என்று வைத்தால் ஐந்தரை வருடத்துக்குச் சற்றுக் கூட. ஆபீஸில் ஒழுங்காக வேலை பார்த்த இயந்திரம்தான். அடாப்டரோடு 480 வெள்ளி.

23 நவம்பர், ஞாயிறு

வீட்டில் போட்டதும் விசிறி கத்தியது. சூடு 94 டிகிரி. பிராசசரின் சூட்டை வெளியே இழுக்கும் ஹீட்சிங்கைக் கழற்றினால், இரண்டுக்கும் நடுவில் பூசும் பேஸ்ட் நெற்றியில் காய்ந்த சந்தனம் போல வெடித்துக் கிடக்கிறது. நகம் பட்டால் பொடியாக உதிர்கிறது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பொறுமையாகத் துடைத்தேன். உலோகத்தில் என் முகம் மங்கலாகத் தெரிகிற வரை விடவில்லை. நடுவில் பயறு அளவு புதுப் பேஸ்ட். இப்போது அதே வேலைக்கு 72 டிகிரி, கணினி விசிறியின் சத்தம் அறையின் மின்விசிறிச் சத்தத்துக்குள் அடங்கிவிட்டது.

விண்டோஸ் 11ஐப் புதிதாக ஏற்றினேன். உரிம எண் கேட்கவே இல்லை. பழைய விண்டோஸ் 10 புரோ உரிமம் போர்டிலேயே பதிந்திருக்கிறது, அதை வைத்தே ஏற்றுக்கொண்டது.

29 நவம்பர், சனி

பழைய ராம் இன்னொரு 8 ஜிபி, 95 வெள்ளி. பேஸ்ட் 12. பயாஸ் பேட்டரி 3. எங்கள் மானிட்டரில் விஜிஏ என்ற பழைய செருகு மட்டும் இருப்பதால் மாற்றி ஒன்று 25. எல்லாம் சேர்த்து 615, பதினைந்து வெள்ளி கூடிவிட்டது. மீட்டரில் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கையில் 11 வாட். பழைய பெட்டி எழுபதுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தது.

கிராபிக்ஸ் கார்டு போட்டு விளையாட வேண்டும், வருடா வருடம் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும் என்பவர்கள் கட்டட்டும், அவர்களுக்கு அதுதான் சரி. எங்கள் வீட்டுக்கு இதுதான் சரி. மனத்தாங்கல் ஏதும் இல்லை. கட்டும் ஆசையில் பாதியை அந்தப் பேஸ்டைத் துடைத்ததிலேயே தீர்த்துக்கொண்டேன்.

மதியம் பழைய பெட்டியைப் பிரித்துப் போட்டேன். கோர் 2 டுவோ பிராசசரைத் துடைத்ததும் மூடியில் "மலாய்" என்று பொறித்திருந்தது. இங்கே மலேசியாவில் கோத்தது என்பதற்கு அடையாளம். அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இன்டெல் 1972ல் பினாங்கின் பாயான் லெப்பாஸுக்கு வந்தது. அதன் பின்னால் வந்த ஆலைகளில் ஒன்றில் அம்மா 1978ல் சேர்ந்தார், பத்தொன்பது வயதில். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பெருசுடா. நாங்க பார்த்தது அரிசியில பாதி இருக்கும். மைக்ராஸ்கோப்புல கண்ண வச்சி தங்கக் கம்பி ஒட்டணும், முடிய விட மெல்லிசு. கை நடுங்குனா அந்தத் துண்டு போச்சு."

"ஒரு நாளைக்கு எத்தன ஒட்டுவீங்க, பாட்டி?" என்று உள்ளேயிருந்து மகள் கேட்டாள், அடிப்பதை நிறுத்தாமல்.

அம்மா பதில் சொல்லவில்லை. பிராசசரை முந்தானையில் ஒரு தடவை துடைத்து, தையல் ஊசி வைக்கும் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினார்.