க தனி, கொம்பு தனி

'கொடுத்தார்' என்று அடிக்கிறேன். திரையில் க மட்டும் தனியாக நிற்கிறது, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம், அந்த வட்டத்துக்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால்.

என் சிஸ்டத்தில் போட்டிருப்பது முன்னோட்டப் பதிப்பு, அதாவது எல்லாருக்கும் வெளியிடும் முன் சோதிக்கத் தருவது. நேற்று ராத்திரி அதற்கு அப்டேட் வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

சரி, முன்னோட்டப் பதிப்பு என்றால் பிழை இருக்கத்தான் செய்யும், அதைக் கண்டுபிடிக்கத்தானே நம்மிடம் தருகிறார்கள். என் ஆத்திரமெல்லாம் பிழைகளை எழுதிப் போடும் அந்தப் புகார்ப் பெட்டி மேல்தான். ஓட்டு விழுந்தால்தான் புகார் மேலே ஏறும். ஐகான் நிறம் பிடிக்கவில்லை என்பது உச்சியில் இருக்கிறது, ஒரு மொழியின் எழுத்தே உடைவது அடியில் கிடக்கிறது.

வேறொரு சிஸ்டத்தில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தோமே. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்தது, மைக்ரோசாஃப்ட் சில நாளிலேயே அதை நிறுத்திவைத்தது. முன்னோட்டத்தைச் சோதித்தவர்கள் மாதக்கணக்கில் முன்பே எழுதியிருந்தார்கள், ஆனால் ஓட்டு குறைவு, கவனிக்கப்படவில்லை. அப்புறம்தான் பாதிப்பு எவ்வளவு கடுமை என்று குறிப்பிடவும் வழி செய்தார்கள்.

தமிழில் எழுதும் நண்பர்கள் யாராவது முன்னோட்டப் பதிப்பு போட்டிருந்தால், அடுத்த அப்டேட்டுக்கு முன்னால் புகார்ப் பெட்டியில் தமிழ் என்று தேடி ஓட்டுப் போடுங்கள். கூடவே ஸ்கிரீன்ஷாட்டும் சேருங்கள், தமிழ் தெரியாதவருக்கு அந்த வட்டம் பிழை என்றே புரியாது.