எலுமிச்சம்பழமும் பதினைந்து படங்களும்

அரங்கத் திரையில் என் முதல் ஸ்லைடு வந்து நின்றதும் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். 'இயக்கம்' என்று பெரிதாகப் போட்டிருந்த தலைப்பு ஒரு காற்புள்ளியில் தொடங்கி, நடுவே நாலைந்து ஆங்கில எழுத்து, இரண்டு அரைப்புள்ளி என்று கிடந்தது. தென் மாவட்டங்களிலிருந்து நூறு ஆசிரியர்களுக்கு மேல் மதுரையில் கூடியிருக்கிறார்கள். கற்பித்தலில் தொழில்நுட்பம் பற்றிப் பேச வந்தவன் நான்.

தவறு என்னுடையதுதான். 34 ஸ்லைடுகளையும் பாமினியில் அடித்திருந்தேன். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைக்கும் பழைய எழுத்துரு அது. அது இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். 'இ' காற்புள்ளி ஆகும், மெய்யெழுத்தின் புள்ளியெல்லாம் அரைப்புள்ளி ஆகும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடைத் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது 2010-ல். இருந்தும் நாங்கள் விடுவதில்லை. பத்துப் பன்னிரண்டு வருட வினாத்தாள்கள் அதில்தான் இருக்கின்றன. ஊரில் கேள்வித்தாள் அடித்துத் தரும் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் கை பழகியது அதுதான். மாற்றித் தர இலவச மென்பொருள் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லை. பிடிஎஃப் ஆக்கியாவது கொண்டுபோயிருக்கலாம்.

சாக்பீஸ் கேட்டேன். கரும்பலகை இருந்த இடத்தில் தொடுதிரை மாட்டியிருந்தார்கள். வாயால் பேசிவிட்டுப் பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன்.

அடுத்து பேசியவர்களின் ஸ்லைடுகள் ஒழுங்காகவே ஓடின. ஆனால் எனக்குப் பெரிதாக ஒன்றும் பிடிபடவில்லை. ஒருவர் பாடநூலின் க்யூஆர் குறியீட்டைப் பற்றிப் பேசினார். 2018-ல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்குப் புதிய புத்தகம் வந்தபோது அந்தக் கட்டங்களைப் பார்த்து நானும் மகிழ்ந்தவன்தான். என் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் ஒரே போன். அது அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பும். இதைச் சொன்னால் குறை சொல்கிறான் என்பார்களே என்று பேசாமல் இருந்தேன்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகான அமர்வு யாருக்கும் வேண்டாத அமர்வு. வருகைச் சான்று எப்போது தருவார்கள் என்று விசாரணை தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில்தான் ராமநாதபுரம் பக்கத்து டீச்சர் ஒருவர் எழுந்தார். கையில் சாதாரண ஆண்ட்ராய்டு போன், பையில் நாலு எலுமிச்சம்பழம்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க. உள்ள வெளிச்சம் பத்தாது."

வாசல் சுவரில் சாக்பீஸால் ஒன்றேகால் மீட்டருக்குப் பத்துப் பத்து சென்டிமீட்டராகக் கோடு போட்டார். (சாக்பீஸ் அவர் பையில் இருந்தது.) ஒருவரை உச்சிக் கோட்டில் பழத்தைப் பிடித்து விடச் சொன்னார். மூன்று மீட்டர் தள்ளி, சுவரின் நடு உயரத்துக்குப் போனை வைத்து வீடியோ எடுத்தார். பக்கத்தில் வைத்தால் மேலும் கீழும் சாய்வாகப் பார்த்து அளவு பிசகிவிடுமாம். வெயிலில் எடுத்தால்தான் பழம் கோடாக இழுபடாமல் உருண்டையாக விழும். வெளிச்சம் குறைந்தால் சில போன்கள் நொடிக்கு 30 படம் எடுப்பதைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள் எந்தக் கையேட்டிலும் இருக்காது. செய்து செய்து தோற்றவருக்குத்தான் தெரியும்.

அந்த உயரத்திலிருந்து விழ ஏறக்குறைய அரை நொடி ஆகும். நொடிக்கு 30 படம் என்றால் மொத்தம் பதினைந்து படங்கள். விஎல்சி பிளேயரில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்துச் சாவியைத் தட்டினால் ஒவ்வொரு படமாக நகரும். மூன்று படத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பழம் உச்சியிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று படித்தோம். 5, 20, 44, 78, 122. இடைவெளிகள் 5, 15, 24, 34, 44. ஏறக்குறைய 1, 3, 5, 7, 9. கலிலியோ சாய்தளத்தில் பந்தை உருட்டிக் கண்டுபிடித்த ஒற்றைப்படை எண்கள் மதுரையில் ஒரு சுவரில் வரிசையாக வந்து நின்றன. நான் பதினெட்டு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு இயக்கச் சமன்பாடு நடத்துகிறேன். அது விழுவதை ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

"பிள்ளைங்க சண்டை போடுவாங்க, விடுங்க" என்று மட்டும் கிளம்பும்போது சொன்னார். எதற்குச் சண்டை என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் என் பள்ளியில் செய்தபோது தெரிந்தது. கழிப்பறைச் சுவர்தான் வெயில் படும் சுவர். சிரிப்பும் கூச்சலுமாக எடுத்து முடித்தோம். ஹைடெக் லேபில் வீடியோவைப் போட்டுப் படிக்கச் சொன்னேன். முதல் குழு இடைவெளிகளை 5, 15, 25, 34 என்று சமர்த்தாக எழுதியது. இரண்டாவது குழு எழுதியது 9, 18, 28, 38.

"தப்பு. திரும்ப எண்ணுங்க" என்றேன். திரும்பவும் அதேதான்.

கை எந்தப் படத்தில் பழத்தை விட்டது என்பதில்தான் சிக்கல். இரண்டாவது குழு ஒரு படம் தள்ளிக் கணக்கைத் தொடங்கியிருந்தது. ஒரு படம் என்றால் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு. அதற்குள் பழம் அரை சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதற்கே ஒற்றைப்படை வரிசை கெட்டு, 1, 2, 3, 4 போலத் தோன்றுகிறது. இரண்டு குழுவும் திரைக்கு முன்னால் நின்று "விரல் அசையுது பாரு", "அது அசையல, நிழல்" என்று வாதாடினார்கள். நான் முதல் குழுவே சரி என்று தீர்ப்புச் சொல்லி, பலகையில் எழுதியிருந்த இரண்டாவது வரிசையை அழிக்கப் போனேன்.

"சார், அழிக்காதீங்க" என்றாள் கடைசி பெஞ்சுப் பெண். வாய் திறக்காத பிள்ளை. "அவங்களுதும் பத்துப் பத்தாத்தான் சார் கூடுது. இவங்களுதும் பத்துப் பத்தாத்தான் கூடுது."

டஸ்டரோடு நின்றுவிட்டேன். 5, 15, 25, 34. 9, 18, 28, 38. இரண்டிலும் கூடுவது ஒன்பது அல்லது பத்து. எந்தப் படத்தில் தொடங்கினாலும் அது மாறாது. புவியீர்ப்பு முடுக்கம் சென்டிமீட்டர் கணக்கில் 980, மூன்று படம் என்பது 0.1 நொடி. 980-ஐ 0.1-ஆல் இரண்டு முறை பெருக்கிப் பலகையில் எழுதினேன். 9.8 சென்டிமீட்டர்.