சாரல் காலத்தில் இழுக்க வராத சுருட்டு

ஜூன் பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்க ஆரம்பித்தால் போதும், செங்கோட்டை, புளியரைப் பக்கம் சுருட்டு பிடிக்கிறவர்களிடம் ஒரே புகார்தான். மே மாதம் நன்றாக இழுத்த அதே பெட்டிச் சுருட்டு இப்போது அடைத்துக்கொள்கிறது என்பார்கள். உடனே கம்பியை எடுத்துக் குத்தத்தான் கை போகும். தயவுசெய்து பொறுங்கள். இந்த மலையடிவாரத்தில் சாரல் மாதங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரத்தை. சுற்றியவர் கையைக் குறை சொல்வது அதற்குப் பிறகுதான்.

புகையிலை ஈரத்தை வாங்கினால் உப்பும். மேலிலை சுற்றி இறுக்கிப் பிடித்திருப்பதால் உப்பிய உள்ளிலைக்கு வெளியே போக இடமில்லை. மடிப்புகளுக்கு நடுவே காற்று போகிற சந்துகளைத்தான் அது அடைக்கும். நுண்ணிய குழாய் ஒன்றின் அகலம் பாதியாகக் குறைந்தால், அதே இழுப்புக்குப் பதினாறில் ஒரு பங்கு காற்றுதான் வரும். கண்ணுக்குத் தெரியாத உப்பல்கூட வாயில் வைத்தால் பெரிய அடைப்பாகத் தெரிவது இதனால்தான்.

எந்த வகை அடைப்பு என்பதைக் கையே சொல்லிவிடும். சுருட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து, பற்றவைக்கும் முனையிலிருந்து வாய்ப்பக்கம் வரை மெல்ல உருட்டிக்கொண்டே வாருங்கள். முழுக்க மெத்தென்று இருந்து, அழுத்தினால் சட்டென நிமிராமல், காதருகே உருட்டினாலும் சத்தமே இல்லையென்றால் ஈரம். முழுக்கக் கட்டைபோல் இருந்தால் உள்ளிலை அதிகம் திணித்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் மட்டும் கெட்டியாக ஏதாவது நெருடினால் முடிச்சு, அல்லது உரிக்காமல் விட்ட தடித்த நரம்பு. முடிச்சு பெரும்பாலும் வாய்ப்பக்கத்தில்தான் இருக்கும். தலையைக் கூம்பாக்கும்போது அங்கே இலை முறுக்கிக்கொள்வது வழக்கம். கியூபாவின் பெரிய ஆலைகளில் மேலிலை சுற்றுவதற்கு முன்பே உறிஞ்சும் கருவியில் மாட்டி இழுப்பைச் சோதிக்கிறார்கள். அப்போது பிடிபட்டால் பிரித்துச் சுற்றலாம். மேலிலை ஏறிய பிறகு முடியாது.

ஈரம் என்றால் மருந்து உலர்த்துவது மட்டுமே. ஆனால் சாரல் காலத்தில் திறந்த அறையில் வைத்து உலர்த்த முடியாது. வெளிக்காற்றே பெட்டியைவிட ஈரமாக இருக்கும். அரிசி டப்பாவில் புதைப்பதும் வீண் வேலை. சேமிப்பில் இருக்கிற அரிசியிலேயே 13, 14 சதவீதம் ஈரம் உண்டு. அது 70 சதவீத ஈரப்பதக் காற்றோடு சமநிலையில் நிற்கிற அளவு, அதற்கு மேல் உறிஞ்சித் தராது. வெயில் தலைகாட்டும்போது மொட்டைமாடியில் வைத்தால் இன்னும் மோசம். மேலிலை முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே இன்னும் உப்பலாக இருக்கும், நீளவாக்கில் வெடித்துவிடும்.

சரியான வழி, காற்றுப் புகாத டப்பாவில் காற்றின் ஈரப்பதத்தை 62 சதவீதத்தில் நிறுத்தி வைக்கும் போவேடா பாக்கெட். 60 கிராம் பாக்கெட் ஒன்று 25 சுருட்டுக்குப் போதும். 40 ரிங்குக்குக் கீழான ஒல்லிச் சுருட்டுக்கு மூன்று நான்கு நாள், 50 ரிங் தடிக்குக் குறைந்தது ஒரு வாரம், பல நேரம் இரண்டு வாரம். (ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு, 50 ரிங் கிட்டத்தட்ட 20 மி.மீ.) அவசரமென்றால் ஏசி ஓடும் அறையில், ஈரப்பாக்கெட் இல்லாத மரப்பெட்டியில் ஓரிரு இரவு வைக்கலாம்.

டப்பாவுக்குள் ஈரப்பதம் பார்க்க வைக்கும் ஈரமானியை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் கல்லுப்போ தூளுப்போ போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு நனைந்த மணல் பதத்துக்குக் கொண்டுவந்து, மானியோடு சேர்த்து ஜிப் கவரில் இரவு முழுக்க மூடி வையுங்கள். உப்பு முழுதாகக் கரைந்துவிடக் கூடாது. காலையில் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் எப்போதும் 4 கூட்டிப் படியுங்கள்.

ஈரம் இல்லை, முடிச்சுதான் என்று தெரிந்த பிறகு கருவிக்கு வருவோம். அதற்கும் முன் வெட்டைப் பாருங்கள். வாய்ப்பக்கத் தலையை மூடி ஒட்டிய இலைத் தொப்பியில் ஒன்றரை, இரண்டு மி.மீ. மட்டும் எடுத்திருந்தால் இன்னொரு மி.மீ. எடுக்கலாம். தொப்பி ஒட்டிய கோட்டைத் தாண்டினால் மேலிலை பிரிந்துகொண்டு வரும்.

நம்மூரில் கிடைப்பதிலேயே நல்ல கருவி குரோஷா ஊசி. நூல் கடையில் 1 மி.மீ. எவர்சில்வர் ஊசி கேளுங்கள். கொக்கிக்குப் பின்னால் தண்டு தடிப்பதால் இரண்டு மூன்று செ.மீ.க்கு மேல் போகாது, ஆனால் தலைமுடிச்சு அந்த ஆழத்தில்தான் இருக்கும். வெட்டின முகத்தின் நடுவில் வைத்து, விரல்களுக்கிடையே திருகிக்கொண்டே இறக்குங்கள். நேராகக் குத்தினால் இலை பக்கவாட்டில் ஒதுங்கி இன்னும் இறுகும். இடது கை விரல்கள் சுருட்டைச் சுற்றிப் பிடித்திருக்கட்டும்; ஊசி ஓரத்துக்குச் சாய்ந்தால் மேலிலைக்குள் அது ஊர்வது விரலுக்குத் தெரியும். கொக்கியில் இலை மாட்டியதும் திருகியபடியே வெளியே எடுங்கள். அரிசி அளவுத் துணுக்கு வரும். ஒவ்வொரு தடவையும் பற்றவைக்காமல் இழுத்துப் பாருங்கள். மூன்று நான்கு துணுக்கு வந்தாலே பெரும்பாலும் போதும். நரம்பின் நுனி வெளியே தெரிந்தால் ட்வீசரால் பிடித்து மெல்லத் திருகி உருவிவிடலாம், அது ஒன்றே முழு வேலையையும் முடித்துவிடும்.

ஆழத்தில் முடிச்சு என்றால் பெர்ஃபெக்ட்ரா மாதிரிக் கருவி வேண்டும். அதன் மெல்லிய தண்டில் இருக்கும் சிறு பற்கள் இலையைச் சுரண்டி வெளியே எடுத்துவரும். விலை ஒத்துவராதவர்கள் 2 மி.மீ. எவர்சில்வர் சைக்கிள் போக்ஸ் கம்பியை 15 செ.மீ.க்கு வெட்டி, நுனியை அரத்தால் மழுங்கிய கூம்பாக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவிப் பயன்படுத்தலாம். துத்தநாக முலாம் பூசியது வேண்டாம். ஈர்க்குச்சி வேண்டவே வேண்டாம், உள்ளே ஒடிந்து அதுவே அடைப்பாகிவிடும். முடிச்சைத் தாண்டி ஒரு செ.மீ. போனால் நிறுத்துங்கள். முனைக்கு முனை துளை போட்டால் நடு மட்டும் வேகமாக எரிந்து உள்ளே குகை விழும், மேலிலை கருகாமல் நிற்கும்.

உறையூர் மாதிரி இரு பக்கமும் திறந்த சுருட்டில் இத்தனை பாடு வேண்டாம். முடிச்சு எந்தப் பக்கத்துக்கு அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தைப் பற்றவையுங்கள். கொஞ்ச நேரத்தில் முடிச்சே எரிந்து போய்விடும்.

பற்றவைத்த பிறகு, நன்றாக வந்துகொண்டிருந்தது பாதியில் அடைத்தால் வாய்ப்பக்கம் பிசுக்கு சேர்ந்திருக்கும். இரண்டு மி.மீ. வெட்டி, ஒருமுறை மெல்ல வெளியே ஊதுங்கள். கன்னம் குழிய இழுக்காதீர்கள். தணல் சூடாகி, ஈரமும் பிசுக்கும் வாய்ப்பக்கம் வந்து படிந்து கசப்பு இன்னும் ஏறும். எரியும்போது குத்த நேர்ந்தால் தணலுக்கு மூன்று செ.மீ. முன்பே கம்பி நிற்கட்டும்.

அளவுக்கு மீறிக் குடைந்து இழுப்பு லூஸாகிவிட்டால் புகை சூடாகவும் காரமாகவும் வரும். அதற்கு இடைவெளி விட்டு, நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் போகாமல் பிடிப்பதே வழி. எடுத்த துணுக்கைத் திரும்பத் திணித்தால் பழைய அடைப்பே வரும்.