மருதம்பட்டையும் ஊதா நிறமும்

எலியின் இதயம் ஒரு கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும் எலியிலிருந்து அதை எடுத்துக் குளிர்ந்த உப்புக் கரைசலில் போட்டதும் துடிப்பு நின்றுவிடும். மகாதமனியை ஒரு மெல்லிய குழாயில் செருகி நூலால் கட்ட வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை, கை நடுங்கக் கூடாது. கட்டி முடித்து, 37 டிகிரி சூட்டில் ஆக்சிஜன் ஏற்றிய கரைசலைத் திறந்துவிட்டால், வெளிறிக் கிடக்கும் தசை முதலில் லேசாகச் சிலிர்க்கும். அப்புறம் தானாகவே துடிக்க ஆரம்பிக்கும். நரம்பும் கிடையாது, ரத்தமும் கிடையாது. 1895இல் ஆஸ்கர் லாங்கென்டார்ஃப் என்ற ஜெர்மன் உடலியலாளர் உருவாக்கிய முறை இது. எத்தனையோ வருஷமாகச் செய்கிறேன். அந்த முதல் சிலிர்ப்பு வரும்வரை இன்றைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

கரைசலை அரை மணி நேரம் அடைத்து வைத்துவிட்டுத் திறந்தால், அது ஒரு சிறிய மாரடைப்பு. பிறகு இதயத்தைத் துண்டு துண்டாக அரிந்து டிடிசி என்ற சாயத்தில் ஊறவைப்போம். உயிருள்ள தசை செங்கல் சிவப்பாக மாறும். செத்த தசை வெளுத்தே இருக்கும். அந்த வெளுப்பைக் கொஞ்சமாவது குறைக்க முடியுமா என்பதுதான் என் வேலை.

ஏன் குறைக்கப் பார்க்க வேண்டும், புதுத் தசையை வளர்த்துவிடலாமே என்று பலர் கேட்பார்கள். நம் நாட்டு ஓடைகளில் வாழும் ஜீப்ரா மீனால் அது முடியும். இதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் வளர்த்துக்கொள்கிறது என்று 2002இல் காட்டினார்கள். பிறந்து ஒரு நாளே ஆன எலிக்குஞ்சுக்கும் முடியும். ஏழாம் நாளில் அந்தத் திறமை போய்விடும், வெட்டிய இடத்தில் தழும்புதான் வரும். இது 2011இல் தெரிந்தது. மனிதர்களின் கணக்கை 2009இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் போட்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1963க்கு முன் வானில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. அது உணவு வழியாக எல்லோர் உடம்பிலும் ஏறியது. செல்லின் டிஎன்ஏவில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் அந்தச் செல் எந்தக் காலத்தில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். 25 வயதில் இதயத் தசைச் செல்களில் வருஷத்துக்கு ஒரு சதவீதம் புதிதாகிறது, 75 வயதில் அரை சதவீதம்கூட இல்லை. மாரடைப்பில் ஒரே நாளில் கோடிக்கணக்கான செல்கள் போகின்றன. இந்த வேகத்தில் அதை எப்படி ஈடுகட்டுவது? அதனால்தான் இருப்பதைக் காப்பாற்றுவதில் எனக்கு அக்கறை அதிகம்.

தாவரங்கள் பக்கம் வந்தது தற்செயல் என்று சொல்ல மாட்டேன். என் ஊர் திருவிடைமருதூர் பக்கம். கோயிலின் தல மரமே மருதம். காவிரிக் கரையில் அடி பெருத்து, பட்டை வழவழப்பாக வெளுத்து நிற்கும். நெஞ்சு படபடப்புக்கு மருதம்பட்டைக் கஷாயம் என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்த விஷயம். அரளிவிதை ஆளைக் கொல்லும் என்பதும் அப்படித்தான் தெரியும். மருந்தியல் படித்த பிறகுதான் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கக் கற்றேன். 1785இல் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் உடல்வீக்க நோயாளிகளுக்கு டிஜிடாலிஸ் செடியின் இலையை அளந்து கொடுத்துக் குறித்துவைத்ததை நூலாக வெளியிட்டார். அந்தச் செடி வகையிலிருந்துதான் இதய நோய்க்கான டிகாக்ஸின் மாத்திரை வந்தது. அரளியில் இருப்பதும் அதே குடும்பத்துப் பொருள்தான். சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் செல்லின் பம்பை இரண்டும் அடைக்கின்றன. இலங்கையில் மஞ்சள் அரளி விதையைத் தின்றவர்களுக்கு, டிகாக்ஸினுக்கென்று செய்த எதிர்மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். தாறுமாறான துடிப்பு சரியானது. மருந்தா விஷமா என்பது எவ்வளவு உள்ளே போகிறது என்பதைப் பொறுத்தது என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அரளிதான் நினைவுக்கு வரும்.

சரி, ஊதா நிறத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மாணவியும் நானும் மருதம்பட்டைச் சாற்றை இதயச் செல்களில் சோதித்தோம். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் செல்கள் சாகும். முன்கூட்டியே சாறு கொடுத்திருந்தால் எத்தனை தப்பிக்கின்றன என்று எம்டிடி என்ற மஞ்சள் கரைசலை வைத்துப் பார்ப்போம். உயிருள்ள செல் மஞ்சளை ஊதாவாக்கும். ஊதா அடர்த்தியாக இருந்தால் நிறையச் செல்கள் பிழைத்திருக்கின்றன என்று அர்த்தம்.

எங்கள் தட்டில் சாறு கூடக்கூட ஊதாவும் கூடிக்கொண்டே போனது. படிக்கட்டு மாதிரி அவ்வளவு அழகு. மூன்று முறை திரும்பச் செய்தோம், மூன்று முறையும் அதே படிக்கட்டு. ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான்காவது தட்டில் மாணவி கடைசி வரிசையில் செல் போட மறந்துவிட்டாள். சாறு மட்டும் விட்டு, எம்டிடியும் விட்டிருந்தாள். தட்டைக் கையில் எடுத்து வந்து, "மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க" என்றாள். அவள் குரலிலேயே ஏதோ இருந்தது. செல்லே இல்லாத குழிகளிலும் ஊதா. அதே படிக்கட்டு.

மருதம்பட்டையை நாக்கில் வைத்தால் துவர்க்கும். அந்தத் துவர்ப்புப் பொருள்கள் எம்டிடியைத் தாமே ஊதாவாக்கும் குணம் உடையவை, செல்லின் உதவி வேண்டாம். அந்தத் துவர்ப்பைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவள் நான். முதல் தட்டிலேயே ஒரு வரிசையை வெறுமனே விட்டிருக்க வேண்டும். அன்று இரவே கருத்தரங்குக்காரர்களுக்கு எழுதிச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன். மாணவி அழுதாள். நீ மறந்ததால்தான் பிழைத்தோம் என்று அவளிடம் சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன்.

முதலிலிருந்து தொடங்கினோம். எம்டிடி விடுவதற்கு முன் சாற்றைக் கழுவி எடுத்தோம். செத்த செல்லிலிருந்து கசியும் எல்டிஹெச் என்ற நொதியையும் தனியாக அளந்தோம். படிக்கட்டு காணாமல் போனது, ஒரு சின்ன மேடு மட்டும் மிஞ்சியது. அடுத்து வாங்கிய பட்டையில் அந்த மேடும் இல்லை. கடையில் தந்த பட்டையைத் தாவரவியலாளர் ஒருவரிடம் காட்டினால், பாதி கருமருது என்ற வேறு மரத்துடையது என்கிறார். இப்போது தஞ்சாவூர்ப் பக்கம் அடையாளம் வைத்த மரங்களிலிருந்து மட்டும், எந்த மாதம் எடுத்தோம் என்று எழுதிவைத்து எடுக்கிறோம். ஒவ்வொரு மரத்திலிருந்தும் மாதிரிக் கிளை ஒன்று பதப்படுத்தி வைத்திருக்கிறோம். இது ஆராய்ச்சியா, விவசாயமா என்று ஒருவர் கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். பட்டை எந்த மரத்துடையது என்று தெரியாமல் செய்யும் சோதனைக்கு எலியைப் பலி கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இப்போது எலிகளில் ஒரு பலன் தெரிகிறது. மாரடைப்புக்கு நான்கு வாரம் கழித்து இதயத்தை மெல்லிய சீவலாக்கிச் சாயம் ஏற்றினால் தசை சிவப்பாகவும் தழும்பு நீலமாகவும் தெரியும். சாறு கொடுத்த எலிகளில் நீலத் தழும்பு கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறது. புதுத் தசை எதுவும் முளைக்கவில்லை. எந்தச் சீவல் எந்த எலியுடையது என்று தெரியாதவர்கள் இரண்டு பேரை அளக்கச் சொன்னேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே கணக்கு வந்தது.

போன மாதம் பெரியப்பா போன் செய்தார். அவருக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

"என்னம்மா, மருதம்பட்டை என்ன சொல்லுது?"

"எலிக்குத் தழும்பு கொஞ்சம் சிறுசாகுது பெரியப்பா."

"அப்ப நான் மாத்திரையை நிறுத்திட்டுக் கஷாயம் குடிக்கலாமா?"

"கூடாது பெரியப்பா. ஒரு வேளை மாத்திரைகூட விடக் கூடாது. கஷாயம் குடிக்கிறதா இருந்தா முதல்ல உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நம்ம ஆத்தங்கரை மரமா அது?" என்றார்.

ஆமாம் என்றேன். எந்த மரம் என்று கேட்டார். ஐயனார் கோயில் படித்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய மரமும் அதில் ஒன்று என்று சொன்னேன்.