மாத்திரையைச் சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா?

மனநலப் புறநோயாளிப் பிரிவில் இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. கேட்பது பெரும்பாலும் அம்மாக்கள்தான். பிள்ளை வந்திருக்க மாட்டான், சீட்டு மட்டும் வந்திருக்கும். எல்லோருக்கும் சொல்கிற "வேணாம்மா"தான் அப்படி வந்த ஓர் அம்மாவுக்கும். அது மட்டும் ஏனோ இன்னும் உறுத்துகிறது.

காரணங்கள் வலுவானவைதான். சாப்பாட்டில் எதையோ வைக்கிறார்கள் என்பதுதான் அவர் மகனுடைய சந்தேகமே; கலந்துவிட்டால் அது உண்மையாகிவிடும். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்துகளை எடுக்கும் சிலருக்கு முதல் சில நாட்களிலேயே கழுத்து ஒரு பக்கமாக இழுக்கும், கண் மேலே செருகும். மாத்திரை போடுவது தெரிந்தவர் ஓடிவந்தால் ஓர் ஊசியில் சரியாகும். தெரியாமல் சாப்பிட்டவன் எதைச் சொல்லி வருவான்? பாதிச் சோற்றை ஒதுக்கினால் பாதி மருந்தும் போயிற்று. திரவ ரிஸ்பெரிடோனை டீயில் ஊற்றவே கூடாது.

"அப்ப வேற வழி சொல்லுங்க சார்."

சொல்ல வழி இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 89. அவன் யாரையும் பிரதிநிதியாக நியமிக்காவிட்டால் உறவினரே விண்ணப்பிக்கலாம். இருவர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். 30 நாள் வரை அவன் சம்மதமில்லாமலே உள்நோயாளியாக வைக்கலாம். ஆனால் அதற்கு அவன் தன்னையோ பிறரையோ தாக்க முற்பட்டோ மிரட்டியோ இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆபத்தாகும் அளவுக்குத் தன்னைக் கவனிக்க முடியாமல் போயிருக்க வேண்டும். இவனோ கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான், வாசலில் தட்டை வைத்தால் எடுத்துக்கொள்கிறான். எந்த வகையில் சேர்ப்பது? அந்த அம்மாவும் பேசி ஆறுதல் தேடட்டும் என்று, அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனையான டெலி மானஸ் எண் 14416-ஐ எழுதிக் கொடுத்ததும் கேட்டார்: "போன் பண்ணா அவன் மாத்திரை முழுங்கிருவானா சார்?"

கடைசியில் சொல்லப்பட்டது பழைய உபாயம்தான்: "நோய்னு பேச்சே எடுக்காதீங்க. தூக்கம் வரலைல்ல, அதுக்குப் பார்க்கலாம்னு கூட்டிட்டு வாங்க." நோயை ஒப்புக்கொள்ளாதவர்கூட தூக்கமின்மையை ஒப்புக்கொள்வார். வந்துவிட்டால் பேசலாம், அவனே சம்மதித்தால் மாத்திரைக்குப் பதில் மாதம் ஒருமுறை ஊசிகூடப் போடலாம். வராமலேயே மாதக்கணக்கில் மருந்தில்லாமல் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

"அது மட்டும் பொய் இல்லியா சார்?" என்றார் அந்த அம்மா.

இரவெல்லாம் விழித்திருப்பவனிடம் தூக்கத்தைப் பற்றிப் பேசுவது பொய்யாகாது என்றுதான் இப்போதும் வாதாடத் தோன்றுகிறது. ஆனால் அப்படி வருகிறவர்களின் சீட்டில் ஏறுவது பல நேரம் ஓலன்சபின் என்ற மனநோய் மருந்து. தூங்கவைக்கும், மறுப்பதற்கில்லை. அதற்காக மட்டும் அதை எழுதுவதில்லை.