கண்ணைக் கட்டி நேப்பிள்ஸில் விட்டால்

கொடி பிடித்தவர் பின்னால் கும்பலோடு ஓடுகிற டூர் வேண்டாம், நமக்கென்று தனி கைடு வைத்துக்கொள்வோம் என்று யோசனை சொன்னது மாமாதான். கப்பலிலிருந்து இறங்கியதும் இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் காத்திருந்த பெண்மணி, "இன்று முழுக்க நான் உங்களுக்கு மட்டும்" என்று சிரித்தபடி சொன்னார். பாவம், மாமா யாரென்று அவருக்குத் தெரியாது.

மாமா சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். எதைக் காட்டினாலும் நீள அகலம் கேட்பார். பழைய ஊரை இரண்டாக வகுந்துகொண்டு போகும் ஸ்பக்கானாப்போலி தெருவைக் காட்டி, "கிரேக்கர்கள் காலத்துத் தெருக்கோடு இது" என்றார் கைடு. மாமா ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்துவிட்டு, "அளவுச் சங்கிலி பிடிச்சுத்தான் போட்டிருக்கான்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

அவர் வாயடைத்து நின்றது சான்செவெரோ சிற்றாலயத்தில் மட்டும்தான். 1753இல் சிற்பி சன்மார்த்தினோ ஒரே பளிங்குக் கல்லில் செதுக்கிய இயேசு, மெல்லிய துணி போர்த்திப் படுத்திருக்கிறார். துணியும் அதே கல்தான். அந்தத் துணிக்கு அடியில் நெற்றி நரம்பு புடைத்துத் தெரிகிறது. போட்டோ எடுக்கக் கூடாது என்பது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று, எல்லோரும் சிற்பத்தையே பார்த்தார்கள்.

அடுத்தது சான் கிரெகோரியோ அர்மேனோ, கிறிஸ்துமஸ் குடில் பொம்மைத் தெரு. சூசையப்பருக்குப் பக்கத்திலேயே கால்பந்து வீரர் மரடோனா நிற்கிறார். அத்தை ஒரு தொழுவத்து மாட்டைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே பேரம் பேசினார். கடைக்காரர் இத்தாலியனில் பதில் சொன்னார். விலை குறைந்துவிட்டது!

மதியம் பிளெபிஷித்தோ சதுக்கம். ஒருபுறம் அரண்மனை, எதிரே வளைந்த தூண் வரிசையோடு தேவாலயம், அதன் முன்னால் குதிரை மேல் இரண்டு ராஜாக்கள். அரண்மனை வாசலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நடந்து அந்தக் குதிரைகளுக்கு நடுவே புகுந்துவிட வேண்டும், இது ஊர் விளையாட்டு. "பெரும்பாலும் யாராலும் முடியாது" என்று கைடு சொல்லியிருக்கக் கூடாது.

"மாப்பிள்ளை, பையைப் பிடிங்க" என்றார் மாமா.

முதல் பத்தடி கம்பீரமாகத்தான் போனார். அப்புறம் மெல்ல வலப்பக்கம் சாய்ந்து, கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடியை நோக்கி நேராகப் போனார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். கண்ணைத் திறந்தவர் மணப்பெண்ணுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, "தளம் லெவல்ல இல்லை" என்றார். சொன்னதோடு விடாமல், பாட்டில் தண்ணீரைக் கல் பாவிய தரையில் ஊற்றி, அது ஓடுகிற திசையைக் கைடுக்குக் காட்டினார். கைடு நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். அன்றைக்குச் சம்பளம் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இதற்குள் அத்தை கைப்பையை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கிளம்பிவிட்டார். நேரே போய் இரண்டு குதிரைகளுக்கும் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தார். கல்யாண ஜோடி உட்பட எல்லோரும் கை தட்டினோம்.

"எப்படி அத்தை?"

"இடது கன்னத்துல வெயில் மாறாம பார்த்துக்கிட்டேன், அவ்வளவுதான்."

வெயிலைக் கருவியாக வைத்து அளந்தது செல்லாது என்று மாமா கப்பல் ஏறும்வரை வாதாடிக்கொண்டிருந்தார்.