பதினைந்து நாள் இடைநீக்கம்

சேலத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துவதோடு, இரண்டாமாண்டு வகுப்பொன்றுக்கு ஆலோசகராகவும் இருக்கிறேன். சென்ற ஆண்டு விடுதியில் என் மாணவன் ஒருவனின் தலையணை உறைக்குள் கஞ்சாப் பொட்டலம் சிக்கியது. ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடியது. இளம்பிள்ளையில் தறி ஓட்டும் அவனுடைய அப்பா, செருப்பை அறை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார். பதினைந்து நாள் இடைநீக்கம் என்று முடிவாயிற்று. எங்கே வாங்கினாய், வேறு யார் யாருக்குப் பழக்கம் என்று ஒரு மணி நேரம் துருவிய அந்தக் குழுவில் நானும் ஒருவன்; எதற்காகப் புகைக்கிறாய் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இத்தனைக்கும் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே முதல் மணி நேரம் மட்டும் பல வாரங்களாக விடுபட்டிருந்தது. வகுப்பில் இருந்த நேரத்திலும் சன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலையையே பார்த்துக்கொண்டிருப்பான். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது என்று எச்சரித்ததோடு என் கடமை முடிந்தது என்றும் நினைத்தேன்.

இடைநீக்கம் முடிந்து வந்த அன்று மாலை, ஆய்வகத்தைப் பூட்டும் நேரத்தில், அவனாகவே வந்து நின்றான். "மூணாம் நாள் ராத்திரியிலிருந்து தூக்கமே இல்லீங்க சார். தறிச் சத்தம் மண்டைக்குள்ளயே ஓடுச்சுங்க. சோறு எறங்கல. எதுக்குன்னே தெரியாம அழுகை வந்துச்சுங்க. ஒரு இழுப்பு இழுத்தா எல்லாம் சரியாப் போயிரும்னு மட்டும் தெரிஞ்சுதுங்க. அப்ப அதுதானுங்களே மருந்து?"

அவன் சொன்னது அத்தனையும், கஞ்சாவைத் தொடர்ந்து பயன்படுத்திவிட்டு நிறுத்துபவர்களுக்கு வரும் விலகல் அறிகுறிகள். எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, மனச்சோர்வு ஆகியவை முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணியும் என்பது மருத்துவர்கள் அறிந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் இது தனி நிலையாகவே சேர்க்கப்பட்டது. ஆனால், அதை அனுபவிப்பவனுக்கு அது விலகலாகத் தெரிவதில்லை; பழைய துயரமே திரும்பி வந்துவிட்டதாகத் தெரிகிறது. மறுபடி புகைத்தால் தணிகிறது. தணிவதால் அதுவே மருந்து என்று நம்பிக்கை இறுகுகிறது. நாங்கள் அளித்த தண்டனையோ, மிகக் கடினமான அந்த இரண்டு வாரங்களை நாள் பிசகாமல் அளந்து, துணையில்லாமல் அவனை உள்ளே அனுப்பியிருந்தது.

பழைய துயரம் என்றேனே, அதுவும் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் நல்ல மதிப்பெண் வாங்கியவன், முதல் பருவத்தில் நான்கு தாள்களில் அரியர் வைத்தான். வீட்டில் சொல்லவில்லை. சீனியர்களோடு பைக்கில் ஏற்காடு போனபோது, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து மேலே ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, 'சிவமூலிகைதான், செடிதானே' என்று நீட்டியதை வாங்கியிருக்கிறான். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று இரவுதான் நன்றாகத் தூங்கினானாம்.

அந்தத் தூக்கம் பொய்யன்று. மூளை தானாகவே சுரக்கும் ஒரு பொருளை 1992இல் கண்டறிந்தவர்கள், ஆனந்தம் என்ற சொல்லிலிருந்தே அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். மூளைச் செல்களில் அது சென்று பொருந்தும் இடங்களான ஏற்பிகளில்தான், கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி.யும் பொருந்துகிறது. தினமும் புகைப்பவர்களிடம் அந்த ஏற்பிகள் குறைந்துபோவதும், நிறுத்திய நான்கு வாரங்களில் பெருமளவு மீள்வதும் மூளைப் படங்களில் காணப்பட்டுள்ளன.

2019இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, 11 ஆய்வுகளில் இடம்பெற்ற ஏறத்தாழ 23,000 பேரின் தரவுகளைத் தொகுத்து, பதினெட்டு வயதுக்குள் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு நோய் வருவதற்கான வாய்ப்பு விகிதம் மற்றவர்களைவிட 1.37 மடங்கு என்று கணித்தது. தனியொருவனுக்கு இது பெரிய கூடுதல் அன்று. கஞ்சாதான் காரணம் என்று அறுதியிடவும் இது போதாது. சோர்வு முந்தியதா, புகை முந்தியதா என்பதை எண்களைவிட, எதிரே இருப்பவனிடம் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை அவனை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். வழக்குப் போட்டுவிடுவார்களோ என்று வழியெல்லாம் பயந்தான். தானே முன்வந்து அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவருக்கு, பயன்படுத்திய குற்றத்துக்கான வழக்கிலிருந்து போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்களிக்கிறது என்றும், சிகிச்சையைப் பாதியில் விட்டால்தான் அது பறிபோகும் என்றும் ஆட்டோவில் விளக்கினேன். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 இருக்கிறது என்று எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். ஓ.பி. சீட்டோடு வரிசையில் நின்று உள்ளே போனதும், மருத்துவர் முதலில் கேட்டது தூக்கத்தைப் பற்றி. அடுத்தது சாப்பாட்டைப் பற்றி. கஞ்சாவைப் பற்றிய கேள்வி வெகுநேரம் கழித்துத்தான் வந்தது.

இப்போது மூன்றாமாண்டு படிக்கிறான். இடையில் ஒருமுறை மறுபடி புகைத்ததாக அவனே சொன்னான். இரண்டு அரியர் பாக்கி. மாதம் ஒரு வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போக விடுப்புக் கடிதம் கொண்டுவருகிறான். காரணம் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் காய்ச்சல் என்றே எழுதியிருக்கும். திருத்தாமல் கையெழுத்திட்டுக் கொடுக்கிறேன்.